ஆடியில் விளையும் மஞ்சள்: டர்பனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த முதல் தைப்பொங்கலுக்கு மஞ்சள் கொத்து தேடி ஒரு நாள் முழுக்க அலைந்தேன். ஈரோட்டுப் பக்கம் பிறந்தவளுக்கு, பானைக் கழுத்தில் இலையும் கிழங்குமாக மஞ்சளைக் கட்டாமல் பால் பொங்கவிட்டுப் பழக்கமில்லை. கடற்கரையோரமாக வண்டியில் வடக்கே போனால் கரும்பு மணிக்கணக்கில் கூடவே வரும் மாகாணம் இது. மஞ்சளுக்குத்தான் பஞ்சம். கடைசியில் அடுத்த வீட்டு ஆன்ட்டி தன் கொல்லையிலிருந்து ஒரு செடியைப் பிடுங்கித் தந்தார். இலை வாழைக்கன்று போலச் செழிப்பாக இருந்தது. அடியில் பார்த்தால், நட்ட தாய்க்கிழங்கு சுருங்கிக் கிடக்க, அதன் பக்கத்தில் வெளிறிய பிஞ்சு நாலைந்து.

"ஜனவரியில் இவ்வளவுதான் இருக்கும். மஞ்சா வேண்டுமென்றால் ஜூலையில் வா" என்றார், ஆங்கிலத்தில். அவருக்குத் தமிழ் பேச வராது. மஞ்சா, சாம்பிராணி, காவடி என்று சில சொற்கள் மட்டும் அந்த ஆங்கிலத்துக்குள் முழுசாக உட்கார்ந்திருக்கும்.

ஜூலை என்று அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு உறைக்க இரண்டு வருடம் பிடித்தது. ஊரில் வைகாசி, ஆனியில் நட்டுத் தை, மாசியில் வெட்டுவோம். பொங்கலுக்குப் புது மஞ்சள் கிடைப்பது அதனால்தான். இங்கே பருவம் தலைகீழ். செப்டம்பர், அக்டோபரில் நட்டால் ஜூன், ஜூலையில் தோண்டலாம். ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. டர்பன் தமிழர்கள் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் மாதம். ஊரில் பொங்கலுக்கு வருகிற மஞ்சள் இங்கே கூழுக்கு வருகிறது. இதை மனது ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றதெல்லாம் கைவேலைதான்.

மஞ்சளைக் குழம்பில் போடுவது எல்லோருக்கும் தெரியும். அடுப்படிக்கு வெளியே அது பார்க்கிற வேலைகள்தான் இங்கே விஷயம்: கண் கழிப்பது, காப்பாக இருப்பது, பிள்ளையாராக உட்காருவது, வேண்டுதலை முடிந்து வைப்பது. நம்பிக்கை உள்ளவர்கள் நம்பிச் செய்யுங்கள். இல்லாதவர்கள், பாட்டி செய்தாளே என்று செய்யுங்கள். நான் எந்த வகை என்பது நாளைப் பொறுத்து மாறும்.

முதலில் கிழங்கு

ஊரிலிருந்து பச்சைக் கிழங்கைப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவர வேண்டாம். நட்டால் முளைக்கிற எதையும் அனுமதிச் சீட்டு இல்லாமல் இந்த நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்த பெருமையையெல்லாம் சுங்க அதிகாரியிடம் சொல்லிப் பயனில்லை.

டர்பனின் வாரிக் சந்திப்புக்குப் போங்கள். அங்கே 1910 முதல் நடந்துவரும் எர்லி மார்னிங் மார்க்கெட்டில், காய்கறிக் கடைகளுக்கு நடுவே பச்சை மஞ்சள் கண்ணில் படும். குளிர்காலத்தில் தேடினால் கிடைக்கிற வாய்ப்பு அதிகம். பெயருக்கேற்ற மாதிரி விடியலில் போக வேண்டும். பக்கத்திலேயே விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட். 1973ல் பழைய சந்தை எரிந்துபோய் அப்புறம் கட்டியது. மசாலாப் பொடிகளைக் கோபுரமாகக் குவித்து வைத்திருப்பார்கள், பார்க்கவே ஒரு நாள் போகலாம். காய்ந்த விரலி மஞ்சளைப் பூஜைச் சாமான் கடைகளில் கேளுங்கள்.

நடுவதற்கு எடுப்பது கனமாக, தோல் சுருங்காமல், கணுவில் மொட்டு தெரிய வேண்டும். அரைக் கிலோ போதும்.

பொடி வாங்கினால் ஒரு எச்சரிக்கை. நிறம் தூக்கிக் காட்ட ஈயக் குரோமேட் என்ற நஞ்சை மஞ்சளில் கலப்பது வங்கதேசத்தில் ஆய்வாளர்களிடம் பிடிபட்டுப் பெரிய செய்தியானது. பூஜைக்கு என்று தனியாக மலிவாக விற்கும் பொடியைச் சமையலில் போடாதீர்கள், குழந்தையின் நெற்றியிலும் வைக்காதீர்கள். கஸ்தூரி மஞ்சள் வேறு இனம், பூசிக் குளிக்க மட்டும். எந்தச் சடங்குக்கும் விரலியை நாமே உரசியோ இடித்தோ எடுப்பதுதான் என் கட்சி. அந்த வாசனைக்கு முன்னால் பாக்கெட் நிற்காது.

நடுவது

கொல்லை இல்லாவிட்டால் தொட்டி போதும், ஒரு முழ அகலம் இருக்கட்டும். மண் இளகி, தண்ணீர் வடிய வேண்டும். இரண்டு மொட்டு உள்ள துண்டாகக் கிழங்கை உடைத்து, மொட்டு மேல்பார்த்திருக்க இரண்டு அங்குல ஆழத்தில் வையுங்கள். முளை தலைகாட்ட மூன்று, நான்கு வாரம் ஆகும். சில கிழங்கு அதற்கு மேலும் படுத்தும். அழுகிவிட்டதோ என்று தோண்டிப் பார்க்கிற ஆசை வரும், வேண்டாம். நான் தோண்டிப் பார்த்து இரண்டு முளையை ஒடித்திருக்கிறேன்.

டர்பனின் மழைக்காலமும் கோடையும் ஒன்றாக வருவதால் செடிக்குக் கொண்டாட்டம். உச்சி வெயில் நேராக அடிக்காத இடமாகப் பார்த்து வைத்தால் இலை கருகாது. ஜோகன்னஸ்பர்க், லெனேசியா பக்கம் இருப்பவர்கள் தொட்டியில்தான் வளர்க்க வேண்டும், உறைபனி விழும் இரவில் உள்ளே தூக்கி வர வேண்டும். கேப் டவுனில் சிக்கலே வேறு. அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும், செடி தூங்கும் நேரத்தில் கிழங்கு நனைந்து அழுகும். இலை பழுத்ததும் தோண்டி எடுத்துவிடுங்கள்.

பொங்கலன்று செடியைப் பிடுங்காதீர்கள். ஒரே ஒரு இலையை அறுத்துப் பானைக் கழுத்தில் சுற்றுங்கள், காய்ந்த விரலி ஒன்றை அதோடு சேர்த்துக் கட்டுங்கள். ஏழு வருடமாக எங்கள் வீட்டில் இப்படித்தான். பால் பொங்காமல் இருந்ததில்லை.

தோண்டுவதும் வேகவைப்பதும்

மே மாதக் கடைசியில் இலை மஞ்சளாகிச் சாயத் தொடங்கும். அப்போதே தண்ணீரை நிறுத்துங்கள். இலை முழுக்கக் காய்ந்து தரையில் படுத்ததும் முள்ளுக்கரண்டியால் மெதுவாகக் கிளறி எடுக்கலாம். எங்கள் ஊரில் அறுவடை முடிந்ததும் தோட்டத்திலேயே கொப்பரை வைத்து மஞ்சள் வேகவைப்பார்கள். அந்த ஆவி அடித்தால் ஊரே மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருக்கும். இங்கே உங்கள் வீட்டுப் பெரிய பாத்திரம் போதும். ஆனால் பழைய பாத்திரமாக இருக்கட்டும், கறை போகாது.

கழுவிய கிழங்கு மூழ்கத் தண்ணீர் விட்டு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். நுரை கட்டி, வாசனை சட்டென்று மாறும். ஈர்க்குச்சியால் குத்தினால் சிரமமில்லாமல் இறங்க வேண்டும். வடித்து, வெயிலில் பத்துப் பதினைந்து நாள் காயவைக்க வேண்டும். குளிர்காலம் என்று யோசிக்க வேண்டாம். டர்பனில் ஜூலை என்றால் மழையில்லாத, வெயில் சுள்ளென்று விழுகிற மாதம், மஞ்சள் காயவைப்பதற்கென்றே வந்த மாதிரி. ஒடித்தால் டக்கென்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது. ஒரு கிலோ பச்சைக்கு இருநூறு கிராம் தேறினால் நல்ல விளைச்சல்.

மஞ்சள் பிள்ளையார்

எந்த நல்ல காரியத்துக்கும் இவர்தான் முதலில். இரண்டு மேசைக்கரண்டி மஞ்சள் பொடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்து கூம்பாகப் பிடியுங்கள். தண்ணீர் கூடினால் பிள்ளையார் உட்கார மாட்டார், சரிந்துவிடுவார். உச்சியில் அருகம்புல் இரண்டு செருகி, குங்குமம் வையுங்கள். அவ்வளவுதான், தெய்வம் வந்தாயிற்று.

அருகம்புல்லுக்கு எங்கே போவது என்று நான் முதலில் கவலைப்பட்டேன். காலுக்குக் கீழேயே இருந்தது. இங்கே அதை க்வீக் என்கிறார்கள், தோட்டக்காரர்கள் களை என்று திட்டிக்கொண்டே பிடுங்குவார்கள். மருந்தடிக்காத இடமாகப் பார்த்துக் கிள்ளிக்கொள்ளுங்கள்.

காரியம் முடிந்ததும் பிள்ளையாரைத் தண்ணீரில் கரைத்து மஞ்சள் செடிக்கு ஊற்றிவிடலாம். ஆறு, கடல் என்று அலைய வேண்டாம்.

ஆலாத்தி

ஆரத்தி என்று எழுதுவார்கள், எங்கள் வீட்டில் ஆலாத்திதான். மஞ்சளின் மந்திரம் கண்ணுக்கு முன்னால் நடப்பது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அகலமான தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர். அரைத் தேக்கரண்டி மஞ்சள் பொடி. கலக்கினால் மஞ்சள் நிறம், அதிசயமில்லை. இப்போது வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை உளுந்தளவு எடுத்து விரலால் கரையுங்கள். நொடியில் தண்ணீர் ரத்தச் சிவப்பாகும். குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள், முகத்தைப் பார்க்க வேண்டும். மஞ்சளுக்கு நிறம் தருகிற குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். அதே தண்ணீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். வேதியியல் வகுப்பில் மஞ்சள் தாளை வைத்துச் செய்த சோதனைதான், பாட்டிமார் தட்டில் வைத்துச் செய்தார்கள். குங்குமம் செய்வதும் இதே வழியில்தான். சுண்ணாம்பு கிடைக்காத அவசரத்துக்கு ஆப்பசோடா போட்டுப் பார்த்தேன். செங்கல் நிறம்தான் வந்தது, சிவப்பு வரவில்லை. பான் கடையில் ஒரு சின்ன டப்பி சுண்ணாம்பு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கையில் அதிக நேரம் வைத்திருந்தால் தோல் பொத்துப்போகும், குழந்தைகள் கண்ணில் பட்டுவிடவே கூடாது.

நடுவில் ஒரு வெற்றிலை வைத்து, அதன் மேல் சூடம் ஏற்றுவார்கள். பிரசவித்து வீடு வருகிறவள், புது மாப்பிள்ளை பெண், நீண்ட பயணம் முடிந்து வருகிறவர், பரீட்சையில் ஜெயித்த பிள்ளை, யாராக இருந்தாலும் வாசலுக்கு வெளியே, வீட்டைப் பார்க்க நிற்க வேண்டும். மூன்று முறை வலமாகச் சுற்றி, அந்தத் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் ஒரு பொட்டு. ஊர்க்கண், உறவுக்கண், நாய்க்கண், நரிக்கண் என்று என் அமுச்சி (அம்மாவின் அம்மா) முணுமுணுப்பாள். கடைசியில் கொள்ளிக்கண் என்று வரும்போது குரல் ஏறும். யாரை நினைத்துக்கொள்வாளோ.

ஆட்கள் மீதிருந்த கண்ணெல்லாம் அந்தச் சிவப்புக்குள் இறங்கிவிட்டது என்பது கணக்கு. அதனால் அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, வாசலோரம் ஊற்றிவிட வேண்டும். அங்கேதான் நான் மாட்டினேன். என் தம்பி முதல்முறை இங்கே வந்தபோது, நாங்கள் அப்போது குடியிருந்த அடுக்ககத்தின் நுழைவாயில் பக்கமாக, ராத்திரி ஒன்பது மணிக்கு ஆலாத்தி எடுத்து ஊற்றினேன். கால் மணி நேரத்தில் காவலாளி கதவைத் தட்டினார். வாசலில் ரத்தம் கிடக்கிறது, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். விளக்கினேன். அவர் முகம் இன்னும் கவலையானது. "அப்படியானால் உங்கள் தம்பியின் கெட்டதை நான் மிதித்துவிட்டேனா?" நியாயமான கேள்வி. வாளியில் தண்ணீர் கொண்டுபோய்க் கழுவிவிட்டு, அவருக்கும் ஒரு ஆலாத்தி எடுத்தேன். சிரித்துக்கொண்டே நின்றார், ஆனால் அசையாமல் நின்றார்.

அதிலிருந்து கற்ற பாடம்: உங்கள் தொட்டியிலோ உங்கள் கொல்லை மூலையிலோ ஊற்றுங்கள். பொதுவாசலும் முச்சந்தியும் ஊரில்தான் சரி.

காப்பும் முடிச்சும்

காப்புக்குப் பருத்தி நூல்தான் வேண்டும், நைலான் வேண்டாம். மூன்று அல்லது ஐந்து இழையைச் சேர்த்து முறுக்கி, ஈர மஞ்சளில் தோய்த்து நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் மஞ்சள் நிறம் ஒரே நாளில் வெளுத்துவிடும். (வெள்ளைச் சட்டையில் கறை பட்டால் இதையே மருந்தாக வைத்துக்கொள்ளுங்கள். சோப்புப் போட்டதும் சிவக்கும், பயப்படாமல் அலசி வெயிலில் காயப்போடுங்கள்.) நடுவில் ஒரு விரலித் துண்டை இறுக்கி முடிச்சுப் போட்டால் காப்பு தயார். விரதம் தொடங்கும் நாளில் கையில் கட்டி, முடிகிற நாளில் அவிழ்ப்பார்கள். இடையில் கறி, மீன் இல்லை, ஊரைவிட்டுப் போவதில்லை. காவடி எடுப்பவர்கள், தீ மிதிப்பவர்களின் மணிக்கட்டைப் பாருங்கள். தாலிக்குப் பொன் வாங்க வழியில்லாதவர்கள் இதே மஞ்சள் துண்டைக் கழுத்தில் கட்டிக் கல்யாணம் முடித்திருக்கிறார்கள். பொன்னுக்கு முன்னால் மஞ்சள்தான்.

முடிச்சு இன்னும் எளிது. ஒரு சாண் வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காயவைத்து, ஒரு காசு வைத்து, வேண்டுதலை வாய்விட்டுச் சொல்லி முடிந்து சாமி படத்தடியில் வையுங்கள். நடந்ததும் அந்தக் காசைக் கோயிலில் சேர்க்க வேண்டும். ராண்டு நாணயம் செல்லும். என் வீசா புதுப்பிக்கப்பட வேண்டும் என்று முடிந்த ஐந்து ராண்டு பதினான்கு மாதம் காத்திருந்தது. மஞ்சளின் மேல் தப்பில்லை.

வாசற்படி

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இது பணநஷ்டத்தில் முடிந்தது. வெள்ளிக்கிழமை நிலைப்படியில் மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைத்தால் கெட்டது தாண்டி வராது, பூச்சியும் வராது என்பது ஊர் வழக்கம். வாடகை வீட்டில் வெள்ளை ஓடு பதித்த படியில் பூசினால், காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். வாசல் அளவுக்கு ஒரு மரச் சட்டம் அறுத்து வாங்கி, அதற்குப் பூசிப் படிமேல் வையுங்கள். வீடு மாறும்போது நிலைப்படியும் கூடவே வரும்.

அம்மன் காரியம்

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பனில் கரை சேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள், பெரும்பகுதி சென்னை மாகாணத்து ஆட்கள். கரும்புத் தோட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்த விடுமுறை வெள்ளைக்காரர் விடுமுறைதான். டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோ ரயில் என்ற பகுதியில் இருக்கிற மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று திருவிழாக் கூட்டம் அலைமோதுவதைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் திகைப்பார்கள். எனக்கு இப்போது அது மஞ்சளின் கதை மாதிரியே தெரிகிறது. கிடைத்த நாளில் சாமி, விளைந்த நாளில் மஞ்சள்.

ஆடிக் கூழை இங்கே போரிட்ஜ் பிரேயர் என்பார்கள். கேழ்வரகு இடத்தில் மக்காச்சோள மாவு. அழைத்தால் கட்டாயம் போங்கள், வெறுங்கையோடு போகாமல் உங்கள் செடியின் புது மஞ்சள் ஒரு கொத்து எடுத்துப் போங்கள். பழம், பூ எல்லோரும் கொண்டுவருவார்கள். இலைத்தாள் ஒட்டிய புதுக் கிழங்கைப் பார்த்ததும் வயதான பெண்கள் எழுந்து வந்து முகர்வார்கள்.

மஞ்சள் தண்ணீர் தெளிக்கும் இலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேப்பிலை என்று இங்கே கையில் தருவது பெரும்பாலும் சிரிங்கா மரத்தின் இலை. நம் மலைவேம்பின் சொந்தம். வந்தவர்கள் வேம்பு இல்லாத ஊரில் அதற்கு நெருங்கிய முகமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். தெளிக்க, தோரணம் கட்ட, கையில் பிடித்து ஆட அதுவே போதும். ஆனால் வாயில் போடக் கூடாது. அதன் காய் நஞ்சு. சித்திரை வருடப்பிறப்புக்கு வேப்பம்பூப் பச்சடி செய்கிறேன் என்று சிரிங்காப் பூவைப் பறித்துவிடாதீர்கள். வித்தியாசம் எளிது: வேம்பில் ஒரே ஈர்க்கின் இரு பக்கமும் இலை வரிசையாக இருக்கும், சிரிங்காவில் அந்த ஈர்க்கே மறுபடி கிளைத்திருக்கும். பூ ஊதா சாயலில் இருக்கும். இந்த மரத்தை அரசாங்கம் ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் வைத்திருக்கிறது, அதனால் புதிதாக நடவும் வேண்டாம்.

அம்மை போட்டால் மஞ்சளும் இலையும் சேர்ந்த தண்ணீரில் தலைக்கு ஊற்றுவது பழைய வழக்கம். நோய் இறங்கிய பிறகு ஊற்றுங்கள், காய்ச்சல் அடிக்கும்போது மருத்துவரிடம் போங்கள். பச்சைக் குழந்தையின் தொப்புளில், ஆழமான புண்ணில் மஞ்சள் வைக்க வேண்டாம்.

பலி கொடுக்கிற குடும்பங்களும் உண்டு. மஞ்சள் தண்ணீர் தெளித்து ஆடு உடம்பைச் சிலிர்த்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். குளிர்ந்த தண்ணீர் மேலே விழுந்தால் எந்த ஆடும் சிலிர்க்கும் என்று எனக்குத் தோன்றும். ஊரில் ஏமாளியை "மஞ்சத் தண்ணி தெளிச்ச ஆடு" என்போம் இல்லையா, அதற்கு மேல் இதைப் பற்றி எனக்குச் சொல்ல இஷ்டமில்லை.

மஞ்சளுக்கு இங்கே ஒரு பங்காளி

வாரிக் சந்திப்பில் பாதியில் நின்றுபோன மேம்பாலம் ஒன்றின் மேல் மூலிகைச் சந்தை நடக்கிறது. ஜூலு மருத்துவர்கள் கடை விரித்திருப்பார்கள். சாம்பிராணி போல முன்னோரை அழைக்கப் புகைக்கும் இம்பெபோவை அங்கே வாங்கலாம், வாசனை அருமை. அங்கே இசிபெபெத்தோ என்றும் இந்துங்குலோ என்றும் ஒரு கிழங்கின் பெயர் அடிபடும். மஞ்சள், இஞ்சிக் குடும்பத்தின் தென்னாப்பிரிக்கப் பிள்ளை அது. இருமலுக்கு மெல்வார்கள். பாம்பும் மின்னலும் அண்டாமல் காக்கும் என்று நம்புகிறார்கள். நம் ஊரிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்த இடத்துக்குப் பாம்பு வராது என்பதுதானே பேச்சு. இரண்டு கரையிலும் ஒரே குடும்பத்துக் கிழங்குக்கு ஒரே வேலை கொடுத்திருக்கிறார்கள்.

அதைக் காட்டிலிருந்து வெட்டி வெட்டியே டர்பன் இருக்கிற குவாசுலு-நட்டால் மாகாணத்துக் காடுகளில் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். ஆசைப்பட்டால் நாற்றங்காலில் வளர்த்த செடியை மட்டும் வாங்கி மஞ்சளுக்குப் பக்கத்தில் வையுங்கள். வளர்ப்பு முறை ஏறத்தாழ ஒன்றே, அதுவும் குளிர்காலத்தில் தூங்கும்.

யார் கை படலாம்

என் தாத்தா போன பிறகு அமுச்சி மஞ்சளைத் தொடவில்லை. அதுவரை அவள் மேல் எப்போதும் இருந்த வாசனை ஒரே வாரத்தில் போய்விட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது, வேறு யாரோ வீட்டுக்குள் நடமாடுகிற மாதிரி இருந்தது. எங்கள் ஊர் கற்றுக்கொடுத்த மஞ்சள் சட்டங்களில் இதை மட்டும் நான் இங்கே கொண்டுவரவில்லை.

அடுத்த வீட்டு ஆன்ட்டியின் கணவர் தவறி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் மகளுக்கு முதல் காப்பு கட்டியது அவர் கைதான். கட்டும்போது ஏதோ முணுமுணுத்தார். காது கொடுத்துக் கேட்டால் தமிழ், பாதி தேய்ந்துபோய். அவருடைய ஆயா, அதாவது பாட்டி, சொல்லிக்கொடுத்ததாம். என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டார். இரண்டு சொல்தான் எனக்குப் பிடிபட்டது: கண்ணு, கல்லு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பதாக இருக்கலாம் என்றேன். "அப்படியா, நான் ஏதோ பூப் பெயர் என்று நினைத்திருந்தேன்" என்றார்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். தமிழ் தெரியுமா என்று கேட்டால் இல்லை என்பார். மஞ்சள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

விதைக் கிழங்கு

தோண்டியதில் ஐந்தில் ஒரு பங்கை வேகவைக்காமல் ஒதுக்கிவிடுங்கள், கொழுத்ததாகப் பார்த்து. மண்ணை உதறினால் போதும், கழுவக் கூடாது. செய்தித்தாளில் சுற்றி, காற்றோட்டமாக ஒரு அட்டைப் பெட்டியில், அடுப்படி அலமாரிக்கு மேலே வையுங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஆகஸ்ட் கடைசியில் பிரித்துப் பாருங்கள். கணுவில் வெளுத்த மொட்டு மூக்கை நீட்டியிருந்தால் மண் தயார் செய்யலாம். இரண்டு கிழங்கை மட்டும் நடாமல் தனியாக எடுத்து வையுங்கள், அடுத்த தெருவுக்கு ஊரிலிருந்து யாராவது புதிதாகக் குடிவருவார்கள்.